வாசகர் கேள்வி – பதில்: கொடைக்கானலில் காலை ஒளியும் மாலை ஒளியும்

கேள்வி: ஜனவரி இறுதியில் குடும்பத்துடன் கொடைக்கானல் செல்லவிருக்கிறோம். சூரியன் உதித்த பின் ஒரு மணி நேரம் ஒளி பொன்னிறமாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் சென்ற முறை ஏழரை மணிக்குக் கேமராவுடன் போனபோது வெறும் வெள்ளை வெயில்தான் கிடைத்தது. எப்போது, எங்கே நிற்க வேண்டும்? (திருப்பூர் வாசகர்)

பதில்: நீங்கள் படித்த ஒரு மணி நேரக் கணக்கு, நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஐரோப்பிய நாடுகளுக்குப் பொருந்துவது. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறும். கொடைக்கானலோ வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருப்பதால், இங்கே அது கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக எழுந்துவிடுகிறது. அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப் போல் 40 மடங்கு அளவுக்குக் காற்றைக் கடந்து வருகிறது. அந்த நெடுவழியில் நீலம் சிதறிப் போய்விடுவதால், சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. சூரியன் 6 பாகை உயர்ந்ததும் அந்த 40 மடங்கு ஏறக்குறைய 9 மடங்காகக் குறைந்துவிடும். அதற்கு இங்கே ஆகும் நேரம் சுமார் 25 நிமிடம்தான். ஜனவரி இறுதியில் உதயம் 6.40 மணியை ஒட்டி நிகழ்வதால், நீங்கள் சென்ற ஏழரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. 6.10 மணிக்கே இடத்தில் நின்றுவிடுங்கள். உதயத்துக்கு முந்தைய 20 நிமிடங்களில் வானம் கருநீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதை இழப்பது பெரிய இழப்பு.

இடத்தைப் பொறுத்தவரை, குளிர்காலத்தில் என் தேர்வு 1872-ல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் நடைபாதைதான். மலையின் தென்கிழக்கு விளிம்பை ஒட்டிச் செல்லும் பாதை அது. ஜனவரி இறுதியில் சூரியனும் நேர்க்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 19 பாகை தெற்கே விலகித்தான் எழுகிறது. ஜூன் மாதத்தில் அது வடகிழக்குக்குப் போய்விடும் என்பதால், அப்போது வருபவர்களுக்கு இதே இடத்தை நான் சொல்லமாட்டேன். 2,100 மீட்டர் உயரத்திலிருந்து கீழே சமவெளியை நோக்கி நிற்பதால், வானம் தெளிவாக இருந்தால், சமவெளியில் இருப்பவர்களைவிடச் சில நிமிடங்கள் முன்னதாகவே சூரியனைக் காண்பீர்கள்.

மாலைக்குக் கொடைக்கானலை அடுத்த பூம்பாறைக் கிராமத்தின் பக்கம் செல்லுங்கள். பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களின் மீது பக்கவாட்டில் விழும் வெயிலில் ஒவ்வொரு வரப்பும் தன் நிழலோடு தனித்துத் தெரியும். ஆனால் அஸ்தமன நேரமாக நாட்காட்டியில் இருப்பதை நம்பிப் போகாதீர்கள். பள்ளத்தாக்கில் சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும்.

கேள்வி: கைப்பேசியில்தான் எடுக்கிறேன். கண்ணுக்குச் செக்கச்செவேலென்று தெரியும் வானம் படத்தில் வெளுத்துவிடுகிறது. பனிமூட்டமோ அழுக்குச் சாம்பலாக விழுகிறது. நல்ல கேமரா வாங்கத்தான் வேண்டுமா? (மதுரை வாசகி)

பதில்: வேண்டியதில்லை. இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே. எந்தக் காட்சியையும் நடுத்தரமான வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது கேமராவின் வழக்கம். இருண்ட மலை படத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால் அது முழுப்படத்தையும் வெளுக்கச் செய்யும். வெண்மையான மூட்டம் நிறைந்திருந்தால் இருட்டாக்கும். கைப்பேசித் திரையில் சூரியனுக்குச் சற்றுத் தள்ளியுள்ள வானத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். மலை கறுத்துப் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக மங்கிச் செல்லும் முகடுகளின் அழகு அந்தக் கறுப்பினால்தான் வருகிறது. மூட்டத்தை எடுக்கும்போது நேர்மாறாக வெளிச்சத்தை ஏற்றுங்கள். படத்தின் நிறத்தைச் சமன்செய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், செம்மையை ஒரு பிழையாக எண்ணித் திருத்திவிடும் என்பதால், அளவுகளை நாமே அமைக்கும் புரோ மோடில் அதை வெயிலுக்கு உரிய நிலையில் நிறுத்திவிடுங்கள்.

பின்னாளில் கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடி வியூஃபைண்டர் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவை வாங்கினால், தொலைநோக்கு லென்ஸ் பொருத்தி அதன் வழியாகச் சூரியனை நேரே பார்க்கவே கூடாது. விழித்திரைக்கு நேரும் கேடு நிரந்தரமாகிவிடக்கூடும்.

கேள்வி: காற்றில் தூசி மிகுந்தால்தான் அந்தி நன்றாகச் சிவக்கும் என்கிறார்களே, உண்மையா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. பருமனான தூசியும் புகையும் நிறங்களை மங்கச் செய்து, அடிவானத்தில் பழுப்பைத்தான் பூசுகின்றன. மழை கழுவிவிட்ட காற்றும் உயரத்தில் மெல்லிய மேகமும் சேர்ந்த மாலைகளே சிறந்தவை. சூரியன் மறைந்த பிறகு அதன் ஒளி கீழிருந்து அந்த மேகங்களைத் தொடும் என்பதால், அஸ்தமனத்துக்குப் பின்னும் கால் மணி நேரமாவது காத்திருங்கள். கூட்டம் கலைந்து வாகனங்களை நோக்கி நடக்கும் அந்த நேரத்தில்தான் பலமுறை வானம் முழுமையாகச் சிவக்கிறது.

எரிமலைகள் வானில் மிக உயரத்துக்கு எறியும் நுண்துகள்கள் மட்டும் விதிவிலக்கு; அவை அந்தியைச் சிவக்க வைப்பதோடு, சில வேளைகளில் சூரியனின் நிறத்தையே மாற்றிக் காட்டும். 1883 ஆகஸ்டில் கிரக்கடோவா வெடித்து ஏறக்குறைய இரண்டு வாரங்களில் தென்னிந்தியாவில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அதை அப்போது ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவரான சென்னைப் பேராசிரியர் மிச்சி ஸ்மித்தான், பின்னர் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். கொடைக்கானல் செல்லும் வாசகர்கள் அவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: கோக்கர்ஸ் வாக்கில் நம் நிழல் மேகத்தின் மீது விழும் என்கிறார்கள். காலையில் இருமுறை போயும் காணவில்லை. (ஈரோடு வாசகி)

பதில்: மாலையில் செல்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலும், மூட்டம் எதிரே பள்ளத்திலும் இருந்தால்தான் அந்த நிழல் விழும். பாதை தென்கிழக்கை நோக்கியிருப்பதால் காலையில் வெயில் முகத்துக்கு நேரே வருகிறது. பிற்பகலில் கீழிருந்து மூட்டம் ஏறி வரும்போது சூரியன் மேற்கே, உங்களுக்குப் பின்னால் இருக்கும். நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம் தோன்றினால், வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள்; இல்லையெனில் வளையம் வெண்மையில் கரைந்துவிடும். ஒவ்வொருவருக்கும் அவரவர் தலையைச் சுற்றி மட்டுமே அந்த வளையம் தெரியும் என்பதால், கேமராவைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.