மகளுக்கு வயர்லெஸ் சிப் மீது ஆசையா? முதலில் பொறுமையைப் பாருங்கள்

உப்புவெளித் தாயாருக்கு,

போனுக்குள் வைஃபை, புளூடூத் வேலை பார்க்கும் ட்ரான்ஸீவர் சிப்பை (அலையை அனுப்பும் ‘அனுப்பி’யும் பெறும் ‘வாங்கி’யும் சேர்ந்தது) வடிவமைக்கத்தான் படிக்கப் போகிறேன் என்று உயர்தரம் படிக்கும் மகள் பிடிவாதமாக நிற்கிறாள் என்றும், வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைவிட முக்கியம், அந்த வேலை அவளுக்குப் பிடிக்குமா என்பது. சுற்று வரைவது பாதி வேலைதான். செய்துவந்த சிப் சொன்னபடி கேட்காதபோது அளந்து அளந்து திருத்துவது மீதிப் பாதி.

ஒன்றைப் பாருங்கள். சிப்பிலுள்ள வாங்கி, வரும் அலையை 90 பாகை இடைவெளியில் இரண்டு கிளைகளாகப் பிரிக்கும். கிளைகளின் வீச்சம் 1 வீதமும் கோணம் 1 பாகையும் பிசகினாலே, அசல் அலையின் நிழல்போல வரும் வேண்டாத பிம்ப அலை 40 டெசிபெல்லுக்கு மேல் அடங்காது. அதிவேக வைஃபைக்கு அது இழுபறி. அதனால் சிப் தானே ஒரு சோதனைத் தொனியை அனுப்பி, தன் வாங்கியாலேயே கேட்டு, பிசகைக் கணித்துத் திருத்திக்கொள்ளும். சறுக்குவதும் இங்கேதான்: வாங்கியின் சொந்தப் பிசகையும் அனுப்பியின் தலையில் கட்டிவிட்டால் திருத்தமே பிழையாகிவிடும். 25 பாகைச் செல்சியசில் சரியாக இருந்த திருத்தம் சட்டைப்பையில் சூடேறிய போனில் தவறலாம்.

இந்த அலைச்சலில் மகளுக்கு ருசி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கணினியில் செருகி வானொலி அலைகளைக் கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யூஎஸ்பி வாங்கி ஒன்றை எடுங்கள். மலிவானதே நல்லது; மீடிறனை நிர்ணயிக்கும் அதன் படிகம்தான் பிசகும். இலவசமான கலிபிரேட் மென்பொருளில், 900 மெகாஹேர்ட்ஸ் ஜிஎஸ்எம் (2ஜி) கைபேசிக் கோபுரத்தின் மீடிறனோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பத்து இலட்சத்தில் 50 பங்கு பிசகு என்றால் அங்கே 45 கிலோஹேர்ட்ஸ். செருகியவுடன் ஒரு தடவை, இருபது நிமிடம் சூடான பிறகு மறு தடவை குறிக்கட்டும். இரண்டு எண்ணும் ஏன் வேறு என்று அவளாகத் துருவினால் நல்ல அறிகுறி. கேட்பதோடு நிற்கட்டும், அனுமதியின்றி அலை அனுப்புவது குற்றம், கடற்படைத் தளமுள்ள நம் ஊரில் வீண் வம்பும்கூட.

பாடத்தில் சிக்கலெண்களையும் திரிகோணகணிதத்தையும் விட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன இரண்டு கிளைகளும் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதிதான். பௌதிகத்தில் அலைகளும் இலத்திரனியலும். இரசாயனம் இந்தத் தொழிலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை, ஆனால் அதில் கோட்டை விட்டால் பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி போய்விடும். மொரட்டுவையில் இலத்திரனியல், தொலைத்தொடர்புத் துறை இருக்கிறது, பேராதனையிலும், யாழ். பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியற் பீடத்திலும் மின், இலத்திரனியல் துறை இருக்கிறது. விரிவுரை ஆங்கிலத்தில்தான், அதை இப்போதே பழக்குங்கள்.

வேலை பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், இலங்கையில் சிப் வார்க்கும் ஆலை இல்லை. கொழும்பில் கிடைப்பது பெரும்பாலும் டிஜிட்டல் வடிவமைப்பும் சரிபார்ப்பும். ட்ரான்ஸீவர் வேலை பெங்களூர், சிங்கப்பூர், ஐரோப்பா என்று வெளியில்தான். அதற்கு முதுமாணி கேட்பவர்கள் அதிகம். கம்பஸ் கிடைத்ததும் சுற்றைக் கணினியில் ஓட்டிப்பார்க்கும் என்ஜிஸ்பைஸ் மென்பொருளைப் பழகி, 2020இல் இலவசமாகத் திறந்துவிட்ட ஸ்கைவாட்டர் என்ற சிப் ஆலையின் 130 நானோமீற்றர் வடிவமைப்புக் கோப்புகளில் ஒரு சிறு இரைச்சல் குறைந்த பெருக்கியை வரைந்து பார்க்கட்டும். அதற்குக் கணினி ஒன்று போதும், செலவில்லை.