ஒரு குடும்பத்தின் ஆலையை நம்பி ஊர் வாழ்வது நல்லதா?

இப்படிக் கேட்கிற நீங்களும் ஆலை வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள். வெளியாட்களுக்கு இந்தக் கேள்வி வராது.

எங்களுடையது மட்டக்களப்புச் செங்கலடிப் பக்கம் ஒரு மரக்காலை, மரம் அரியும் ஆலை. பதுளை வீதிக் காட்டிலிருந்து முதிரை மரமும் பாலை மரமும் பெர்மிட்டோடு லொறியில் வரும். (பெர்மிட் இல்லாமலும் வந்திருக்கும் என்று எழுத வருகிறவர்களுக்கு: நான் அப்போது பிறக்கவே இல்லை.) அம்பாறை நகரம் கல்லோயாக் குளம் கட்ட வந்தவர்களின் குடியிருப்பாகத் தொடங்கியது, வாழைச்சேனையில் கடதாசி ஆலை வந்தது, அதெல்லாம் அரசாங்கக் காசு. அப்பப்பா தன் காசில் வேலையாட்களுக்குப் பதினொரு வீடு கட்டினார். வாடகை இல்லை. வேலையை விட்டால் வீடும் இல்லை, அதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அந்தப் பதினொரு குசினியிலும் எரிந்தது எங்கள் மரத்தூள். தகர வாளியின் நடுவில் போத்தலை நிறுத்தி, அடியில் இருக்கும் பக்க ஓட்டையால் ஒரு தடியைச் செருகி, சுற்றிவரத் தூளை இடித்து இறுக்கி, இரண்டையும் மெல்லத் திருகி உருவினால் அடுப்பு ரெடி. வட்டவாள் நாலு நாள் நின்றால் பெண்கள் விறகுக்கு அலைவார்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியில் பதினொன்றுக்கும் கூரை போனது. ஆனால் விழுந்த மரங்களை அரிந்து முடிக்க இரண்டு வருசம், வாள் நிற்கவே இல்லை. "புயலில உழைச்ச குடும்பம்" என்று இன்றைக்கும் கலியாண வீடுகளில் காதில் விழும். சவப்பெட்டிப் பலகைக்கு அப்பப்பா ஒரு சதம் வாங்கவில்லை என்று மாமி சொல்லுவா, நானும் அதையே சொல்லித் திரிந்தேன். போன வருசம் பெட்டகத்துக்குள் அந்தக் காலத்துக் கணக்குக் கொப்பி கிடைத்தது. "பெட்டிப் பலகை, அரை விலை" என்று அப்பப்பாவின் கையெழுத்து, வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் தவணை. சரி, அரை விலைக்காவது அன்றைக்கு வேறு யார் கொடுத்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் மாமியிடம் கொப்பியைக் காட்டவில்லை.

1990 சண்டையோடு மரக்காலை மூடியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஓடு மாற்றக்கூடக் காசு அனுப்பாத கனடாச் சித்தப்பா மகன் போன ஆவணியில் வந்தான். வந்தவன் நேராக முன்கதவைத் தட்டிப் பார்த்து, "இது அசல் முதிரைதானே, இப்ப என்ன விலை போகும்?" என்றான். கதவில் பங்கு, காணியில் பங்கு. வீட்டில் விளக்கேற்ற மட்டும் நான்.

நல்லதா கெட்டதா என்றுதானே கேட்டீர்கள். பதினொன்றில் நாலு வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. போகிற நேரமெல்லாம் ஒரு வயசான பெத்தா கையைப் பிடித்துக்கொண்டு, "என்ட பேருக்கு எழுதித் தா மனே" என்கிறா. எழுதலாம். கனடாக்காரன் கையெழுத்துப் போடவேண்டும். கதவு விலை முடிந்தால் போடுகிறேன் என்கிறான்.