முடிவுள்ள வேலைகள்: தோட்டப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

லாபிஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டாகத் தலைமையாசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். எங்கள் பள்ளியில் 98 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் உள்ளனர். பள்ளித் தலைவர்களுக்கான திட்ட மேலாண்மைப் பயிற்சி ஒன்றுக்கு அண்மையில் சென்று வந்தேன். அங்கே தந்த படிவங்களையும் அட்டவணைகளையும் ஆசிரியர் கூட்டத்தில் எடுத்து வைத்தபோது, "இன்னொரு கோப்பா?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாம் ஆண்டில் வாசிக்கத் தடுமாறும் 9 மாணவர்களுக்கான வாசிப்புத் திட்டம், நூலகச் சீரமைப்பு, காய்கறித் தோட்டம், திறந்த மண்டபம் உட்பட ஏழு திட்டங்கள் பள்ளியில் நடக்கின்றன. எதுவும் முடிந்தபாடில்லை. கட்டுமான நிறுவனங்களுக்காக உருவான ஒரு முறை, பிள்ளைகள் படிக்கும் இடத்துக்குப் பொருந்துமா? இது என்னை நல்ல தலைவராக்குமா, அல்லது எழுத்தராக்கிவிடுமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
லாபிஸ், ஜொகூர்

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஐயம் நியாயமானது. இந்த முறைகள் தொழிற்சாலையிலும் போர்த்துறையிலும் பிறந்தவைதாம். வேலைகளைக் காலக்கோட்டின் மீது பட்டைகளாக வரைந்து காட்டும் அட்டவணையை ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1910களில் பரவலாக்கினார். ஒரு வேலை முடியாமல் எந்த வேலையைத் தொடங்க முடியாது என்று கணக்கிடும் முறைகள் 1950களின் இறுதியில், டூபோன் ரசாயன நிறுவனத்திலும் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திலும் உருவாயின. ஆனால் அவற்றுக்கு அடிப்படையான சிந்தனை உங்கள் பள்ளி வேலிக்கு வெளியிலேயே இருக்கிறது. செம்பனை மறுநடவு செய்யும் தோட்டம், பழைய மரங்களைச் சாய்த்த பிறகு கன்றுகளைத் தேடிப் போவதில்லை. நாற்றங்காலில் கன்று வளர ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும் என்பதால், நடவேண்டிய மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கு முன்பே விதைகளுக்குச் சொல்லி வைக்கிறது. முடிய வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் இந்தப் பழக்கம் நம் பள்ளிகளில் அரிது. நாம் தொடக்க விழாவிலிருந்து முன்னோக்கி நடப்பவர்களாகவே இருக்கிறோம்.

முதலில் அந்த ஏழு திட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திட்டம் என்பது ஒரு நாளில் தொடங்கி, ஒரு நாளில் முடிந்து, முடிந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லக்கூடிய வேலை. காய்கறித் தோட்டம் அப்படிப்பட்டதன்று. பாத்தி கட்டி வேலி போடுவது வரையில் அது திட்டம், அதன் பிறகு தண்ணீர் ஊற்றுவதும் களை பறிப்பதும் அன்றாடப் பணி. அன்றாடப் பணியைத் திட்டப் பட்டியலில் வைத்திருந்தால் அது என்றைக்கும் முடியாது. முடியாத ஒன்று பட்டியலில் இருந்துகொண்டே இருப்பது, முடிக்கக்கூடிய மற்றவற்றின் மீதும் ஆசிரியர்களின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். ஆகவே இந்த ஏழையும் பிரித்துப் பாருங்கள். உண்மையான திட்டங்கள் மூன்றுக்கு மேல் தேறாது என்பது என் எண்ணம்.

அந்த மூன்றையுமே ஒரே காலத்தில் நடத்த முடியுமா என்பது அடுத்த கேள்வி. நம் மலேசியாவில் 150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்துகிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பெரும் எண்ணிக்கையிலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தகைய பள்ளியில் பாட ஆசிரியரே புறப்பாடப் பொறுப்பாளர், அவரே நூலக ஆசிரியர், அவரே போட்டி விளையாட்டுச் செயலாளர். ஒவ்வொரு திட்டத்திலும் யார் யார் பெயர்கள் உள்ளன என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே ஆசிரியரின் பெயர் நான்கு இடங்களில் வந்தால், உங்கள் திட்டங்கள் தாமதமாவதற்கான காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்த மூத்த ஆசிரியரின் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் எதிர்த்தது முறையை அன்று, தம் தலையில் மேலும் ஒரு சுமை ஏறுவதை. அவரிடமிருந்து இரண்டு பொறுப்புகளை எடுத்துவிட்டு ஒன்றை முழுமையாகக் கொடுங்கள்; அந்த ஒன்றுக்கு உரிய சிறு செலவுகளையும் நேர மாற்றங்களையும் உங்களைக் கேட்காமலே முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு முடிவுகளைத் தம் மேசையிலேயே வைத்துக்கொள்ளும் தலைமையாசிரியர்களால்தான் நம் பள்ளிகளில் பல நல்ல முயற்சிகள் பாதியில் நிற்கின்றன.

வாசிப்புத் திட்டத்தைச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் முதலிடம் பெற வேண்டியது அதுதான். "மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்று நோக்கம் எழுதினால், அது நிறைவேறியதா என்று எவராலும் சொல்ல இயலாது. "செப்டம்பர் இறுதிக்குள் இந்த 9 மாணவர்களும், தாம் முன்பு பார்த்திராத 50 சொற்கள் கொண்ட பத்தி ஒன்றை யாருடைய உதவியும் இன்றி வாசிக்க வேண்டும்" என்று எழுதினால், அக்டோபர் முதல் வாரத்தில் நீங்களே ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அமரவைத்துக் கேட்டு அறிந்துவிடலாம். எதைச் செய்யப் போவதில்லை என்பதையும் எழுதிவிடுங்கள்: இத்திட்டத்தில் கையெழுத்துப் பயிற்சி இல்லை, கதை சொல்லும் போட்டி இல்லை, படம் எடுத்துப் புலனத்தில் பகிரும் வேலையும் இல்லை. எல்லை வகுக்காத திட்டம், நல்லெண்ணம் கொண்டவர்களாலேயே வீங்கிப் போகும்.

அடுத்து நேரம். பள்ளி முடிந்த பின் சிறப்பு வகுப்பு என்று வைத்தால், அந்த 9 பேரில் எத்தனை பேரைப் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும் என்று பாருங்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு)க் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் வேனை நம்பி வருகிறார்கள். வேன் ஒருவருக்காகக் காத்திருக்காது. அப்படியானால் வகுப்பு காலையில், பள்ளி நேரத்துக்குள், வாரத்தில் நான்கு நாள் அரை மணி நேரம் என்றுதான் அமைய வேண்டும்; அதற்குக் கால அட்டவணையை மாற்ற வேண்டும்; அட்டவணையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. ஒரு திட்டத்தில் தலைவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது என்று கண்டுபிடித்து, அதை முதல் வாரத்திலேயே செய்துவிடுவதைத்தான் நான் தலைமை என்று கருதுகிறேன். பெற்றோரைச் சந்திப்பதிலும் இதே கவனம் தேவை. விடிவதற்கு முன்பே வேலைக்காட்டுக்குப் போகிறவர்களைக் காலைக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டு, அவர்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதி வைப்பது அநியாயம்.

திட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு பயிற்சி செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் விளக்கியது இது. ஆசிரியர்களிடம், "இது நவம்பர் மாதம், நம் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன் தோற்றது என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். இடர்கள் என்னென்ன என்று பொதுவாகக் கேட்டால் நம் கூட்டங்களில் மௌனமே பதிலாக வரும். தலைமையாசிரியர் முன்னிலையில் அவருடைய திட்டத்தின் குறையைச் சொல்ல இளம் ஆசிரியர்கள் கூசுவார்கள். தோல்வியை நடந்துவிட்டதாகவே வைத்துக் காரணம் கேட்கும்போது, குறை சொல்வதே அவர்களுக்கு இட்ட வேலையாகிவிடுகிறது. "அந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்துவிட்டது", "விளையாட்டுப் போட்டிக்காக ஆறு வாரம் வகுப்பு நடக்கவில்லை" என்றெல்லாம் எழுதுவார்கள். உங்கள் ஊரில் யாரேனும் ஒருவர் வெள்ளம் என்றும் எழுதக்கூடும். 2023 மார்ச்சில் லாபிஸும் சிகாமட் மாவட்டத்தின் பிற பகுதிகளும் பட்டதை மறக்க முடியாது. அவற்றில் வரக்கூடிய மூன்று நான்கைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு வழி செய்து வையுங்கள். மாற்று ஆசிரியர் ஒருவர் முதல் மாதத்திலிருந்தே உடன் அமர்ந்து பழகட்டும். நூலகப் புத்தகங்களின் கீழ்த் தட்டு தரையிலிருந்து உயரமாக இருக்கட்டும்.

நூலகச் சீரமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பி மாற்றக் குத்தகையாளர் வரும் வரையில் எல்லா வேலையும் நிற்க வேண்டியதில்லை. புத்தகங்களைத் தரம் பிரிப்பதும் பட்டியலிடுவதும் வேறோர் அறையில் அதே வாரங்களில் நடக்கலாம். எது எதற்காகக் காத்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்தால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

இது உங்களை எழுத்தராக்கிவிடுமா என்று கேட்டீர்கள். தவறாகக் கையாண்டால் நிச்சயம் ஆக்கிவிடும். கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, முந்தைய பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து, கற்பித்தலில் கவனம் செலுத்தும் தலைமை, ஊக்கமூட்டி மாற்றம் விழையும் தலைமையைவிட மாணவர் அடைவில் மூன்று நான்கு மடங்கு விளைவை ஏற்படுத்துகிறது என்று கண்டது. அதிலும், ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும்போது தலைவரும் உடன் அமர்ந்து கற்பதற்கே விளைவு மிகுதி. திட்ட மேலாண்மையால் ஒரு தலைமையாசிரியருக்குக் கிடைக்க வேண்டிய பயனும் அந்த அமர்வுக்கான நேரம்தான். ஒரு திட்டத்துக்கு ஒரு தாள், வாரத்துக்கு ஒருமுறை நின்றபடியே பதினைந்து நிமிடப் பேச்சு: சென்ற வாரம் எது முடிந்தது, இந்த வாரம் எது முடியும், எது தடுக்கிறது. மூன்றாம் கேள்வியின் விடை மட்டுமே உங்கள் வேலை. மிச்சமாகும் நேரத்தில் அந்த வாசிப்பு வகுப்பில் போய் உட்காருங்கள். பயிற்சியில் தந்த படிவங்களில் இதற்கு உதவாதவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதில் தவறில்லை.

திறந்த மண்டபத்தை இறுதிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. உங்கள் பள்ளி அரசின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளி என்றும் நிலம் தோட்ட நிறுவனத்துக்கு உரியது என்றும் வைத்துக்கொள்கிறேன். தோட்டப் பள்ளிகளில் அதுவே பெரும்பாலான நிலை. அப்படியானால் நில உரிமையாளர், பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், மாவட்டக் கல்வி அலுவலகம், ஊராட்சி மன்றம் ஆகிய அனைவரின் இசைவும் வேண்டும்; அவற்றுள் முதலாவது எழுத்தில் வராமல் மற்ற எதுவும் நகராது. நன்கொடை விருந்து வைத்துப் பணம் திரட்டிவிட்டு, அனுமதிக் கடிதம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலைக்கு ஒரு பள்ளி வந்துவிட்டால், அடுத்த முறை நன்கொடை கேட்க வாய் எழாது. ஆகவே இவ்வாண்டு மண்டபத்துக்காக ஒரு ரிங்கிட்டும் திரட்ட வேண்டாம். வாரியத் தலைவரைக் கலந்து, தோட்ட நிர்வாகத்துக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதம் மட்டும் இந்த மாதமே எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதன் நிலையை விசாரித்து, யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று தேதியோடு ஒரே கோப்பில் குறித்து வாருங்கள். பதில் வருவதற்குள் உங்களுக்கு இடமாற்றம் வந்தால், அந்தக் கோப்பை உங்களுக்குப் பின் வருபவரின் கையில் நேரில் கொடுத்து, ஒரு மணி நேரம் அமர்ந்து விளக்கிவிட்டுச் செல்லுங்கள்.