குரோஷா கேள்வி – பதில்: புடைப்பு இருக்கட்டும், அளவும் இருக்கட்டும்

கேள்வி: மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக அமெரிக்காவின் நியூஜெர்சிக்கு வந்திருக்கிறேன். இங்குள்ள நூலகத்தில் கூடும் பெண்கள், ‘வார்ம் அப் அமெரிக்கா’ என்ற தொண்டு அமைப்பின் போர்வைகளுக்காக 7 அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் கொண்ட துண்டுகளைக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், பின்னுகிறார்கள். நானும் ‘பாஸ்கெட் வீவ்’ எனப்படும் கூடை முடைச்சல் பின்னலில் ஒன்று பின்னினேன். அகலம் 6 அங்குலம்தான் வந்தது. மேலே போகப்போக இன்னும் குறுகுகிறது. பிரித்துவிடவா?
– மதுரை வாசகி

பதில்: பிரிப்பதற்கு முன், முதல் வரிசையில் உள்ள கண்ணிகளையும் (ஊசியால் போடும் பின்னல் வளையங்கள்) கடைசி வரிசையில் உள்ள கண்ணிகளையும் எண்ணிப் பாருங்கள், அம்மா. தாங்கள் எழுதியதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் வேறு.

துண்டு முழுவதும் ஒரே சீராக ஒடுங்கியிருப்பது அந்தப் பின்னலின் இயல்பு. சாதாரண டபுள் குரோஷேயில் (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணி) ஊசியை முந்தைய வரிசைக் கண்ணியின் தலையில் நுழைக்கிறோம். கூடை முடைச்சலில் அதன் தண்டைச் சுற்றி, சில கண்ணிகளுக்கு முன்புறமாகவும் அடுத்த சிலவற்றுக்குப் பின்புறமாகவும் நுழைத்து இழுப்பதால், துணி மேலும் கீழுமாக மடிந்து, அகலத்திலும் உயரத்திலும் சுருங்குகிறது. நூலும் கூடுதலாகவே செலவாகும். ஆகவே சாதாரணப் பின்னலுக்கு அடித்தளமாகப் போடும் சங்கிலிக் கண்ணிகளின் கணக்கு இதற்குப் போதாது. அதே நூலில், அதே ஊசியில் கையகல மாதிரி ஒன்று பின்னி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று அளந்து, அதை ஏழால் பெருக்கிக்கொண்டு, முடைச்சலின் கட்டங்கள் பாதியில் அறுபடாதபடி அந்த எண்ணிக்கையைச் சற்றே கூட்டியோ குறைத்தோ தொடங்குவதுதான் சரியான வழி.

மேலே போகப்போகக் குறுகுவது பின்னலின் குற்றமன்று, ஓரத்தில் கண்ணி நழுவுவதன் அடையாளம். வரிசையின் தொடக்கத்தில் போடும் மூன்று சங்கிலிகளும் சேர்ந்து ஒரு கண்ணியாகக் கணக்கில் வருமென்றால், திரும்பி வரும் வரிசையின் கடைசிக் கண்ணியை அந்தச் சங்கிலியின் உச்சியில்தான் போட வேண்டும். இதுபோல மேடுபள்ளமாக எழும்பும் புடைப்புப் பின்னலில் அந்த உச்சி மடிப்புக்குள் ஒளிந்துகொள்வதால், கைதேர்ந்தவர்களும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். அங்கே வேறு நிற நூலால் ஓர் அடையாளம் கட்டிவிட்டால் தப்பாது.

கண்ணிகள் நழுவியிருந்தால், அந்த இடம் வரை பிரிப்பதைத் தவிர வழியில்லை. எண்ணிக்கை சரியாக இருந்து, அரை அங்குலம்தான் குறைகிறதென்றால் பிரிக்க வேண்டாம்: நான்கு பக்கமும் ஒரு சுற்று சிங்கிள் குரோஷே (ஊசியில் நூலைச் சுற்றாமல் போடும் குட்டையான கண்ணி) போட்டால் பக்கத்துக்குக் கால் அங்குலம் அளவில் கூடும். மூலைக் கண்ணியில் மூன்று சிங்கிள் போட மறக்காதீர்கள். இல்லையேல் மூலை சுருண்டுகொள்ளும். தங்கள் துண்டில் ஓர் அங்குலமே குறைவதால், இரண்டு சுற்றுகள் தேவைப்படலாம்.

கேள்வி: ஆளுக்கொரு முழுப் போர்வை பின்னுவதை விட்டு, எதற்காகத் துண்டு துண்டாகப் பின்னி ஒட்டுப்போட வேண்டும்?
– சென்னை வாசகர்

பதில்: முழுப் போர்வைக்கு உட்கார நேரமும் நூலுக்குப் பணமும் உள்ளவர்கள் குறைவு என்பதே காரணம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வாசா என்ற ஊரில் நூல் கடை நடத்திய ஈவி ரோசன் என்ற பெண்மணி 1991இல் தொடங்கிய முயற்சிதான் மேலே சொன்ன ‘வார்ம் அப் அமெரிக்கா’. ஏழு வரிசையில் ஏழேழாக 49 துண்டுகளை இணைத்தால், 49 அங்குலத்துக்கு 63 அங்குலம் என்ற அளவில் ஒரு போர்வை அமைந்துவிடுகிறது. ஒருவருடைய துண்டு குறுகினால், அதை ஒட்டியுள்ள துண்டுகளும் இழுபடும். மதுரை வாசகிக்கு அவ்வளவு நீட்டி முழக்கியது அதனால்தான்.

தாங்கள் சென்னைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2016 ஜனவரி 31 அன்று, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் சென்னையில்தான், தனித்தனியாகப் பின்னியவற்றை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்! குழுவைத் தொடங்கியவர் சுபஸ்ரீ நடராஜன். அந்தப் போர்வையும் பிறகு பிரிக்கப்பட்டு, தேவைப்பட்டவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

கேள்வி: தொண்டுக்குக் கொடுக்கும் துண்டுகளுக்கு எந்தப் புடைப்புப் பின்னல் ஏற்றது? ‘பாபிள்’ எனும் குமிழ் வைக்கலாமா?
– கோத்தகிரி வாசகி

பதில்: என் தேர்வு ‘லெமன் பீல்’. ஒரு சிங்கிள், ஒரு டபுள் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த வரிசையில் சிங்கிளின் மேல் டபுளும், டபுளின் மேல் சிங்கிளும் வரும்படி பின்னினால், எலுமிச்சைத் தோல் போலச் சொரசொரப்பான துணி கிடைக்கும். ஓட்டை விழாது, அளவும் அதிகம் மாறாது. குழந்தைகளின் விரல் சிக்கும் பெரிய ஓட்டைகள் உள்ள பின்னல்களைவிட இது எவ்வளவோ மேல்.

பாபிளும் வைக்கலாம். ஒரே கண்ணியில் ஐந்து டபுள்களை முடிக்காமல் நிறுத்தி, ஊசியிலுள்ள எல்லா வளையங்களின் வழியாகவும் நூலை ஒரே இழுப்பில் இழுப்பதுதான் பாபிள். துணியின் பின்பக்கம் நம்மை நோக்கியிருக்கும் வரிசையில் போட்டால் முன்பக்கம் எழும்பி நிற்கும். இருபுறமும் சிங்கிள் போட்டால் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஆனால் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று கண்ணிகளாவது தள்ளியே வையுங்கள். குமிழ் விளிம்பில் வந்து நின்றால், துண்டுகளை இணைப்பவர் பாடு திண்டாட்டம்.

கேள்வி: ‘4 ப்ளை’ அக்ரிலிக் நூல் போதுமா? பின்னிய துண்டை இஸ்திரி போட்டுக் கொடுக்கலாமா?
– திருச்சி வாசகி

பதில்: ப்ளை என்பது இழைகளின் எண்ணிக்கையே தவிர, நூலின் பருமன் அன்று; எனவே லேபிளில் எழுதியுள்ள ஊசி அளவைப் பாருங்கள். மேலே சொன்ன துண்டுகளுக்கு 5 அல்லது 5.5 மில்லிமீட்டர் ஊசிக்கு உரிய நூல் பொருத்தமானது. அக்ரிலிக் இயந்திரத்தில் துவைக்கத் தாங்கும் என்பதால், அன்பளிப்புப் போர்வைக்கு அதுவே வசதி.

இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் மேல் வைத்துவிடாதீர்கள். சூட்டில் இழை இளகி, தாங்கள் பாடுபட்டு எழுப்பிய புடைப்பெல்லாம் படிந்துவிடும், மீண்டும் எழும்பாது. இலேசாக ஈரப்படுத்தி, துண்டை அளவுக்கு விரித்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் குத்திக் காயவிட்டாலே போதும். நூலின் நுனியை ஒட்ட வெட்டாமல், திசை மாற்றி மாற்றி மூன்று முறையாவது உள்ளே கோத்துவிட்டுக் கொடுங்கள்.