கொலைக் குற்றச்சாட்டில் தேதி தப்பாக இருந்தால் அப்பீலில் தண்டனை ரத்தாகுமா?

தம்பிக்கு ஆயுள் தண்டனை, குற்றச்சாட்டில் சம்பவத் தேதி ஒரு நாள் பிசகியிருக்கிறது, அதை வைத்தே அப்பீலில் விடுதலை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைப் பக்கம் கிரிமினல் அப்பீல் நடத்தும் வக்கீல் நான். அந்தத் தேதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

முதலில், கையில் இருக்கும் தாள் எது? போலீஸ் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. செஷன்ஸ் நீதிபதி எழுதி (கோர்ட் மொழியில் 'வனைந்து') தம்பிக்குப் படித்துக் காட்டியதுதான் குற்றச்சாட்டு. அப்பீலில் இந்த இரண்டாவதைத்தான் பார்ப்பார்கள்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 215-ஆவது பிரிவிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. 1882 ஜனவரி 21-இல் கோதா பக்ஷைக் கொன்றதாக ஒருவர் மேல் குற்றச்சாட்டு. செத்தவரோ ஹைதர் பக்ஷ், அதுவும் 20-ஆம் தேதி. பெயரும் தப்பு, தேதியும் தப்பு. ஆனால் அவர் மேல் இருந்தது ஒரே கொலை வழக்கு. மாஜிஸ்திரேட் விசாரணையிலும் பேசியது முழுக்க ஹைதர் பக்ஷைப் பற்றித்தான். அதனால் அவர் குழம்பவில்லை, பிழை பெரிதில்லை. அடுத்ததில் இரண்டு கொலை. ஹைதர் பக்ஷ் கொலைக்குக் குற்றம்சாட்டிவிட்டு, கோதா பக்ஷ் கொலைக்கு விசாரிக்கிறார்கள். அவர் கூட்டி வந்த சாட்சிகளோ ஹைதர் வழக்குக்கானவர்கள். இங்கே பிழை அவரைக் கவிழ்த்துவிட்டது.

1955-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்த்த வில்லி ஸ்லேனி வழக்கிலும், பிழை குற்றம்சாட்டப்பட்டவரைக் குழப்பிப் பாதித்ததா என்ற இதே அளவுகோல்தான். ஹாக்கி மட்டையால் தலையில் ஒரு அடி, பத்து நாளில் மரணம். சகோதரர்கள் இருவர் மேலும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஐ (கொலை) 34-உடன் (பொது நோக்கத்தோடு சேர்ந்து செய்தது) சேர்த்துக் குற்றச்சாட்டு, ஒருவர் விடுதலை. மற்றவர் மேல் தனியாக 302 வனையவில்லையே என்ற வாதம், அவருக்குப் பாதகம் இல்லை என்று தள்ளப்பட்டது. தண்டனை 304 இரண்டாம் பாகத்தில் (கொலையாகாத மரணம் விளைவித்தல்) ஐந்து வருடமாகக் குறைந்தது வேறு காரணத்தால்: கொல்லும் நோக்கம் நிரூபணமாகவில்லை.

அதனால் வழக்குக் கட்டு வந்ததும் நான் முதலில் படிப்பது குறுக்கு விசாரணையை. ஒரு வழக்கில் குற்றச்சாட்டு அரிவாள் என்றது. சாட்சிகள் உருட்டுக்கட்டை என்றார்கள். குற்றம்சாட்டப்பட்டவரின் வக்கீல் கேட்டதெல்லாம் அரிவாளைப் பற்றியே. கட்டையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அந்தப் பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போனேன். அப்பீலில் காட்ட வேண்டியது, பிழையால் இப்படித் திசைமாறிப் போனதைத்தான்.

அப்புறம் இரண்டு விஷயம். பிழையை விசாரணையின்போதே ஏன் சொல்லவில்லை என்று கோர்ட் கேட்கும். ஜெயித்தாலும், புதிதாகக் குற்றச்சாட்டு வனைந்து அந்தக் கட்டத்திலிருந்து மறுபடி விசாரியுங்கள் என்று உத்தரவு வரலாம். தம்பியிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்று ராத்திரி முதல் சாட்சியின் வாக்குமூல நகலை எடுங்கள். உங்கள் வக்கீல் எந்தத் தேதியைச் சொல்லிக் கேள்வி கேட்டிருக்கிறார் என்று பாருங்கள்.