அம்மாவை ‘தே’ ஆக்கும் பிள்ளைகள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். கொழுந்து பறிக்கும் தாயைப் பற்றி அவருடைய மகள் தனக்குள் பேசிக்கொள்வதுபோல் ஒரு தனிமொழி எழுதச் சொன்னேன். பிள்ளைகள் மனம் ஒன்றி எழுதினார்கள். ஆனால் ‘ஹீ’, ‘ஷீ’, ‘தே’ எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. ‘மை மதர் வென்ட் டு த ஷெட். தே வெயிட்டட் டில் சிக்ஸ்’ என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். திருத்தத் தொடங்கினால் பக்கம் முழுவதும் சிவப்பாகிவிடுகிறது. தனிமொழியையும் ப்ரோநவுன் இலக்கணத்தையும் தனித்தனியே நடத்துவதா, சேர்த்து நடத்துவதா?
– ஆசிரியை ஒருவர், கோத்தகிரி

பதில்: சேர்த்தே நடத்துங்கள். நானும் பல ஆண்டுகள் ப்ரோநவுனுக்குக் கோடிட்ட இடம் நிரப்பும் தாளைத்தான் கொடுத்துவந்தேன். பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை மறுநாள் சொந்தமாக எழுதும்போது அதே தவற்றைச் செய்யும்.

உங்கள் மாணவியின் வரியை அவள் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்: ‘அம்மா எடை போடப் போனாங்க, ஆறு மணி வரைக்கும் காத்திருந்தாங்க.’ தாய்க்குத் தந்த மரியாதைதான் ஆங்கிலத்தில் ‘தே’ ஆகியிருக்கிறது. சிவப்பு மையால் ‘ஷீ’ என்று எழுதினால் அந்த ஒரு வரிதான் திருந்தும். பெற்ற தாயானாலும் மாவட்ட ஆட்சியரானாலும் ஒரு பெண்ணை ஆங்கிலம் ‘ஷீ’ என்றே சொல்லும், அதில் மரியாதைக் குறைவு இல்லை என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் உண்மையாகவே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘காத்திருந்தாள்’ என்றாலே அவள் பெண், ஒருத்தி, பேசுபவரோ கேட்பவரோ அல்லர் என்பதெல்லாம் வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். ‘வெயிட்டட்’ என்ற சொல்லில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சுமை முழுவதையும் ஆங்கிலத்தில் ப்ரோநவுன் ஒன்றே சுமக்கிறது. அது எந்தப் பெயருக்காக நிற்கிறதோ அந்தப் பெயரோடு, அதாவது தன் ஆன்டிசிடென்டோடு, எண்ணிலும் பாலிலும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதியை இப்படிக் காரணத்தோடு சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

விதி மீறப்படாமலே பொருள் சிக்கிக்கொள்ளும் இடமும் இருக்கிறது. ‘தன் கூடை நிறைந்துவிட்டதாகத் தங்கை அக்காவிடம் சொன்னாள்’ என்றால் கூடை தங்கையுடையது. ‘அவள் கூடை’ என்றால் அக்காவுடையது என்றே கொள்வோம். ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஹெர் பாஸ்கெட்’தான். நம் ‘தான்’, ‘தன்’ அங்கே உதவிக்கு வருவதில்லை. தங்கையையே நேராகப் பேசவிட்டு, ‘மை பாஸ்கெட் இஸ் ஃபுல்’ என்று எழுதச் சொல்லுங்கள், சிக்கல் அவிழ்ந்துவிடும். இப்படி நேர்ப்பேச்சுக்கு மாறுவது தனிமொழியில் இயல்பாக அமைகிறது என்பதும் இரண்டையும் சேர்த்து நடத்தச் சொல்வதற்கு ஒரு காரணம்.

எழுதத் தொடங்கும் முன், தமிழ் வகுப்பில் அவர்கள் படித்த சங்க அகப்பாடல்களை நினைவூட்டுங்கள். தலைவி கூற்று, தோழி கூற்று என்று சொல்வோரையும் கேட்போரையும் காட்டும் ஒரு குறிப்பு அங்கே இருக்கும். அதுபோல யார், யாரிடம், எந்த வேளையில் பேசுகிறார் என்று தாளின் தலையில் ஒரு வரி எழுதச் செய்யுங்கள். என் மாணவன் ஒருவன் நீலகிரி மலை ரயிலின் முதல் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேனைப் பேசவைத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் வந்த பாதை அது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத்தின் பிடியில் ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும் என்பதால், முன்னால் உள்ள தண்டவாளத்தைப் பார்க்க வேண்டியவர் இவர். பையன் எழுதினான்: ‘தி இன்ஜின் கேனாட் ஸீ த ட்ராக். ஐ ஸீ இட் ஃபார் இட்.’

எனக்கு மிகவும் பிடித்த வரி. ஆனால் முதல் ‘இட்’ தண்டவாளம், இரண்டாவது ‘இட்’ இன்ஜின். படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். ‘ஐ வாட்ச் த ட்ராக் ஃபார் இட்’ என்று அவனே மாற்றிக்கொண்டான், உயிரும் போகவில்லை. அதே தாளில் ‘ஈச் ஆஃப் த பிரேக்ஸ்மென் ஹேஸ் தேர் ஃப்ளாக்’ என்றும் இருந்தது. பக்கத்தில் நிற்கும் பன்மை கண்ணை இழுத்துவிட்டது. ‘தேர்’ நிற்பது ‘ஈச்’சுக்காக. அங்கே ‘ஹிஸ்’ என்று எழுதுவதுதான் தேர்வுக்கு உகந்தது.

முதல் நாள் சிவப்பு மை வேண்டாம். மறுநாள் அவரவர் தாளில் ஒவ்வொரு ப்ரோநவுனிலிருந்தும் அதன் பெயருக்குப் பென்சிலால் கோடு இழுக்கட்டும். ‘ஐ’ என்பதன் கோடு தலைப்பில் உள்ள கூற்று வரிக்குப் போகும். போய்ச் சேர இடமில்லாமலோ இரண்டு இடத்துக்குப் போகவோ நிற்கும் கோடுகளை மட்டும் நீங்கள் பார்த்தால் போதும்.

கேள்வி: ‘எவ்ரிஒன் ஷுட் பிரிங் தேர் நோட்புக்’ என்று எழுதிய என் மகளுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். அது தவறா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: தவறில்லை. ஒருமைப் பொருளில் ‘தே’ வருவதற்கு 14ஆம் நூற்றாண்டிலிருந்தே சான்று உண்டு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடும் 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய முறையில் ‘ஹிஸ் ஆர் ஹெர்’ எதிர்பார்க்கும் திருத்துநர்கள் இருக்கிறார்கள். ‘ஆல் ஸ்டூடன்ட்ஸ் ஷுட் பிரிங் தேர் நோட்புக்ஸ்’ என்று பன்மையாக்கிவிட்டால் வழக்கே இல்லை. இதைக் காட்டிக் கோத்தகிரி மாணவியின் ‘தே’யையும் சரியென்று வாதிட முடியாது. ‘எவ்ரிஒன்’ ஆணா பெண்ணா என்று தெரியாது; அம்மா யாரென்று நமக்குத் தெரியும்.

கேள்வி: குறிஞ்சிப் பூ பேசுவதுபோல் எழுதினால் ‘ஐ’ போடுவதா, ‘வீ’ போடுவதா?
– மாணவி, கூடலூர்

பதில்: 12 ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவே ஒன்றாகப் பூக்கும் செடி என்பதால் ‘வீ’ அழகாக இருக்கும். எடுத்தபின் நடுவில் காரணமில்லாமல் ‘ஐ’க்குத் தாவாதீர்கள். ஓர் எச்சரிக்கை: தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். பார்க்க வந்தவரிடம் பூ பேசுகிறதென்றால், அவரையும் சேர்த்துச் சொல்கிறதோ என்ற மயக்கம் வரும். முதல் வரியில் ‘வீ ஃப்ளவர்ஸ்’ என்று ஒருமுறை எழுதிவிடுங்கள்.