எல்லோருக்கும் ஆறுதல் சொல்கிறேன், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை

அன்புள்ள மேடம்,

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு பொது நூலகத்தில் 11 வருடமாக நூலகராக இருக்கிறேன். சென்னையில் நூலக அறிவியல் படித்தேன், இங்கே வந்து மறுபடியும் முதுகலை முடித்தேன், ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. எங்கள் கிளையில் வெள்ளையர் அல்லாத நூலகர் நான் ஒருத்திதான்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். என் கழுத்தில் தொங்கும் அட்டையில் நூலகர் என்று பெரிதாகவே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போய், புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த 19 வயதுப் பையனிடம் வருமான வரிப் படிவம் எங்கே என்று கேட்டார். அவன் என்னைக் கேட்டான், நான் அவனுக்குச் சொன்னேன், அவன் அவருக்குச் சொன்னான். மூன்று பேரும் ஆறடிக்குள்தான் நின்றோம். மேலாளரிடம் சொன்னேன், "அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார்" என்று முடித்துவிட்டார். தீபாவளி அலங்காரம், பன்முகத்தன்மைக் குழு, இந்தியர் யார் வந்தாலும் மொழிபெயர்ப்பு (எனக்கு இந்தி அரைகுறை) எல்லாம் என் தலையில்தான். ஊழியர்களுக்கு மன அழுத்தம் என்று மதிய இடைவேளையில் யோகா வைத்தார்கள், அதையும் என்னையே நடத்தச் சொன்னார்கள்.

ஒரே ஆறுதல், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கறுப்பின, லத்தீன், ஆசிய நூலகர்கள் முப்பது பேர் சேர்ந்த எங்கள் ஆன்லைன் குழு. யார் என்ன எழுதினாலும் விளக்கமே வேண்டாம், உடனே புரியும். ஆனால் இப்போதெல்லாம் இரவு 11 மணிக்குப் போனைத் திறந்தால் யாராவது உடைந்துபோய் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்குப் பதவி உயர்வு இல்லை, இன்னொருவரை அவர் வேலை செய்யும் கட்டிட வாசலிலேயே காவலாளி நிறுத்தியிருக்கிறார். எல்லோருக்கும் பதில் எழுதி முடிக்க ஒரு மணி ஆகிவிடுகிறது, அப்புறம் தூக்கம் வருவதில்லை. ஞாயிறு சாயங்காலமானால் நெஞ்சை இறுக்குகிறது. குழுவை விட்டு விலகிவிடலாமா? விலகினால் சுயநலமா?

— பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரி,

விலகாதீர்கள். அந்தப் பெரியவர் செய்ததைவிட, "அப்படி நினைத்திருக்க மாட்டார்" என்ற பதில்தான் உங்களை அதிகம் உலுக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட அவமதிப்புகளுக்கு செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர் 1970-லேயே மைக்ரோஅக்ரெஷன் என்று பெயர் வைத்தார். ஒவ்வொன்றும் புகார் கொடுக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும், அதனாலேயே இது நிஜமா இல்லை நாமே கற்பனை செய்கிறோமா என்று யோசிப்பதிலேயே பாதித் தெம்பு போய்விடும். "எனக்கும் நடந்தது" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். அமெரிக்க நூலகர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெள்ளையர்கள் என்கிறபோது, அப்படிச் சொல்ல உங்கள் கிளையில் யார் இருக்கிறார்கள்? 1970-ல் இ.ஜே.ஜோசி என்ற கறுப்பின நூலகரும் மற்றவர்களும் கறுப்பின நூலகர்களுக்குத் தனி அமைப்பு தொடங்கினார்கள், 1980-ல் ஆசிய, பசிபிக் வம்சாவளி நூலகர்களும் தொடங்கினார்கள். உங்கள் முப்பது பேரும் அந்த வரிசையில்தான் வருகிறீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மற்றவர்கள் குழுவில் எழுதியதைச் சொல்லியிருக்கிறீர்கள், அந்த வரிப் படிவக் கதையை நீங்கள் அங்கே சொன்னதாக ஒரு வரி கூட இல்லை. நான் சொல்வது தவறாக இருந்தால் மன்னியுங்கள். நூலகத்தில் நீட்டியதையெல்லாம் வாங்கிக்கொள்கிற நீங்கள் குழுவிலும் அதையே செய்கிறீர்கள். இரவு 11 மணிக்கு மறுபடியும் தகவல் மேசையில் போய் உட்காருகிறீர்கள், அங்கே ஷிஃப்ட் முடிவதே இல்லை.

ஃபொபாசி எட்டார் என்ற நூலகர் 2018-ல் எழுதியது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: நூலக வேலையைப் புனிதத் தொண்டாக நினைக்க நினைக்க, அதில் குறை சொல்வதே தப்பு என்று ஆகிவிடுகிறது, ஊழியர் தேய்ந்துபோவதும் யார் கண்ணிலும் படுவதில்லை. நீங்கள் சுயநலமா என்று கேட்டதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

குழுவில் வெளிப்படையாகக் கேளுங்கள், வாரத்துக்கு இரண்டு பேர் பதில் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் படித்தால் போதும், படிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பப் பேசினால் நெருக்கமும் கூடும், கவலையும் கூடும், அதனால் மாதத்தில் ஒரு நாளாவது வேலைப் பேச்சே இல்லாமல் வீடியோவில் கூடிச் சாப்பிடுங்கள்.

அலுவலகத்தில் யோகாவுக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பும் பன்முகத்தன்மைக் குழுவும் வாரத்தில் எத்தனை மணி நேரம் எடுக்கிறது என்று ஒரு மாதம் குறித்து, அந்தத் தாளோடு மேலாளரிடம் போங்கள். எந்த வேலையைக் குறைத்துவிட்டு இதைச் செய்யட்டும் என்று கேளுங்கள். அவமதிப்பு நடந்தால் தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

நெஞ்சு இறுக்கத்தை மன அழுத்தம்தான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அங்கே பல வேலையிடங்களில் ஊழியர்களுக்குச் சில அமர்வுகள் இலவச ஆலோசனை உண்டு, ரகசியமாக இருக்கும், விசாரியுங்கள். எப்போதாவது வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

இன்றைக்கு ராத்திரி 9 மணிக்கே அந்த வரிப் படிவக் கதையைக் குழுவில் எழுதுங்கள், ஆறடி தூரம் உட்பட. எழுதிவிட்டுப் போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுங்கள். அவர்கள் என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று காலையில் காபியோடு படிக்கலாம்.